தளமல்ல, கூரை

திருச்சிராப்பள்ளி மாநகரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பாரிஸ் நகரத்துப் பாணியில் கூரை அமைந்த மேலப்புதூரின் முதல் இல்லம் இதுவே.

போன செப்டம்பரில் இதை என் மாமனார் தன் கைப்பட எழுதி, எங்கள் வாசற்கதவில் ஒட்டி, ஒட்டிய பிறகு தானே மூன்று முறை நின்று படித்தார். தெருவில் வேறு யாரும் படிக்கவில்லை. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நான் கல்லூரி நூலகன், பெயர் தைரியராஜ். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

இடம் போதவில்லை, அதுதான் ஆரம்பம். நான், மனைவி பேட்ரிசியா, மகள் பெலிண்டா, பேட்ரிசியாவின் அப்பா ஞானாதிக்கம். வீட்டில் நல்ல அறை என்று ஒன்றுதான், வாசல் பக்கத்து அறை. அதில் மாமா பத்து வருடமாக இருந்தார். என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. மேலே ஒரு மாடி எடுக்கலாமென்றால் பழைய சுண்ணாம்புச் சுவர், காங்கிரீட்டைத் தாங்காது.

அப்போதுதான் இன்ஜினியர் ரங்கநாதன் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். பிரான்சுக்குப் பதினோரு நாள் டூர் போய் வந்தவர். வந்ததிலிருந்து யாராவது சாதாரண மாடி கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"இது தளம் இல்லை சார், கூரை. ஆனா கூரைக்குள்ளயே ஒரு ரூம். மான்சார்ட்னு பேரு," என்றார்.

இரும்புச் சட்டம், அதன் மேல் நாலு பக்கமும் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும் நீலத் தகரம், உச்சியில் தட்டை, சரிவில் இரண்டு ஜன்னல். கட்டி முடித்துத் தெருவிலிருந்து பார்த்தபோது வீடு தொப்பி போட்ட தாசில்தார் போல இருந்தது. ஜன்னலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். மேகமில்லாத நாளில் ராஜகோபுரமும் தெரியும் என்றார் ரங்கநாதன். ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அது எங்கிருந்தும் தெரியும்.

தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவில் வெப்பம் தடுக்க ஆறு அங்குலத்துக்குப் பஞ்சு அடைக்க வேண்டும் என்று அவர் படம் போட்டுக் கொடுத்தார். நான் வேண்டாமென்றேன். நாலு பக்கமும் ஆறு அங்குலம் போனால் ஒரு புத்தக அலமாரி போய்விடும்.

"பஞ்சு இல்லாம விட்டா இட்லிப் பானை சார் இது," என்றார்.

"இட்லியா வேகப் போறேன்? படிக்கத்தான போறேன்," என்றேன். அவரும் சிரித்தார். இதை அவரிடம் விசாரித்தால் ஒப்புக்கொள்வார், நல்ல மனிதர்.

படிக்கட்டுக்கு இடமில்லை. ஹால் கூரையில் ஒரு பலகைக் கதவு. இழுத்தால் அதோடு மடக்கு ஏணி இறங்கும், தள்ளினால் மடிந்து மேலே போய்விடும். தாழ்ப்பாள் கீழ்ப்பக்கம்.

முதல் ஞாயிறு நான் அலமாரி அடுக்க ஏறினேன். மதியம் கரண்ட் போனது. இருபது நிமிடம்தான். சட்டை பிழியும்படி நனைந்து, கண் இருட்டி, ஏணியை இரண்டு கையாலும் பிடித்து இறங்கினேன். அந்தச் சூட்டில் பைண்டிங் பசை இளகிவிடும், புத்தகங்களுக்கு அந்த அறை ஆகாது என்று புரிந்தது. அதன் பிறகுதான் அதை மாமாவுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருடம் ஆசிரியர், அதில் பாதி தலைமையாசிரியர். ரிட்டையர் ஆனதை அவருக்கு யாரும் சரியாகத் தெரிவிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்த பித்தளைக் கைமணியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு தரம் அடித்தால் காபி. இரண்டு அடித்தால் பேப்பர். மூன்று அடித்தால் பாத்ரூம், யாராவது கைபிடிக்க வேண்டும். அந்த யாராவது பத்து வருடமாக நான். "மாப்பிள்ளை, செருப்பை ஜோடியா விடுங்க. லைப்ரரியனுக்கு அடுக்கத் தெரிய வேணாமா?" என்பார், விருந்தாளிகள் முன்னால். எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அறை அவருக்குத்தான் என்று சொன்னதும் மாமா கைமணியைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்குன்னு யாரும் ஒரு ரூம் கட்டினதில்லை மாப்பிள்ளை," என்றார். கண் கலங்கியிருந்தது. இதை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை.

எண்பத்தொரு வயது. இரண்டு பேர் தாங்கி ஏற்றினோம். மேலேயே கழிப்பறை இருந்தது, சாப்பாடு ஏறிப் போனது. ஃபேன், ஏர் கூலர் இரண்டும் இருந்தன. குரங்கு வருகிறது என்று ஜன்னல்களை நான் ஆணியடித்து மூடினேன். ஏழு மாதம் அவர் இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இனி எங்கள் வழக்கம் ஒன்று. உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோயில் மணியெல்லாம் அடிப்பார்கள். அதோடு நிறுத்தினால் சனிக்கிழமை இரவு பாஸ்கா, அதாவது ஈஸ்டர் பூசை வரை மணி கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவார்கள். கைப்பிடி வைத்த பலகை, அதில் விழுந்து அடிக்கும் சின்ன மரச்சுத்தி. எங்கள் பங்குக் கோயிலில் அது ஒன்றுதான் இருக்கிறது, ரொம்பப் பழசு.

கோயிலோடு விட்டிருக்கலாம். மாமா அதை வீட்டுக்கும் சட்டமாக்கியிருந்தார். காலிங் பெல் அடிக்கக் கூடாது, செல்போன் ஆஃப், குக்கர் விசில்கூட ஆகாது. வியாழன் மாலை தன் கைமணியையும் போனையும் அவரே என்னிடம் நீட்டினார். "சனி ராத்திரி குடுத்தாப் போதும் மாப்பிள்ளை. சட்டம்னா எனக்கும் சட்டம்தான்." நான் வாங்கி பீரோவில் வைத்தேன். நான் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய வெள்ளி. பதினொன்றரைக்குப் பேட்ரிசியாவும் பெலிண்டாவும் மும்மணி ஆராதனைக்குக் கிளம்பினார்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடப்பது. கோயில் இரண்டு தெரு தள்ளி.

"அப்பா உபவாசம்னு வீம்பு பண்ணுவாரு. விடாதீங்க, மோர் குடுத்துடுங்க. ஏணி இறங்கியே இருக்கட்டும்ங்க," என்றாள் பேட்ரிசியா.

"நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா," என்றேன்.

ஏணி ஹாலின் நடுவில் நின்றது, நடக்க இடைஞ்சல். மடித்துத் தள்ளினேன். தள்ளினால் தாழ்ப்பாள் போடுவது பழக்கம். பிறகு காலிங் பெல் ஞாபகம் வந்தது. அதன் ஸ்விட்சில் பேட்ரிசியா வியாழனே பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். ஆனாலும் யாராவது பிய்த்து அழுத்திவிட்டால்? மாமா மனம் புண்படும். அதனால் மெயின் பெட்டியில் அந்த லைனையே அணைத்தேன். மேல் அறைக்கும் கரண்ட் அதே லைனில்தான் போகிறது. எலெக்ட்ரீஷியன் செய்த சோம்பேறித்தனம். நான் அவனைக் கண்டித்திருக்கிறேன், செப்டம்பரிலேயே.

அன்று வெயில் நாற்பத்தொன்று என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

நான் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே காலுக்குச் சத்தம் கேட்டது. மரத்தில் மரம் மோதும் சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. அப்புறம் மூன்று. அதற்கப்புறம் நிறைய, கணக்கில்லாமல். கோயிலில் கட்டை தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் இந்த நாற்பது நாளும் நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். மோர் சொம்பு மேசையில் இருந்தது. ஒன்றேகாலுக்குச் சத்தம் மெல்ல ஆனது. ஒன்றரைக்கு நின்றது. இரண்டு மணிக்கு அந்த மோரை நான் குடித்தேன், கெட்டுப்போய்விடுமே என்று.

இரண்டரைக்கு லைனைப் போட்டேன். இரண்டே முக்காலுக்கு மூன்று மணி வழிபாட்டுக்குக் கிளம்பினேன். கையில் ஒரு துணிப்பை. அதில் என்ன என்று கேட்டீர்கள், வருகிறேன்.

ஐந்தரைக்குப் பேட்ரிசியா ஏணியை இறக்கி ஏறினாள். மாமா கதவோரமாகக் கிடந்தார், கைத்தடி கையிலேயே இருந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் வயது, இதயம் என்று எழுதினார். "உங்க கைல ஒரு வாய் மோராவது குடிச்சாரா?" என்று பேட்ரிசியா கேட்டாள். காலிச் சொம்பைக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு தரம் போனேன். பொறுமையில்லாமல் நடந்துகொண்டேன் என்று சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்.

இந்த ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்றால், நேற்று பெலிண்டா தன் மெத்தையைச் சுருட்டி ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "தாத்தா ரூம் சும்மாதானேப்பா கிடக்கு. நான் அங்க படிக்கறேன்," என்றாள். வேண்டாமென்றேன். ஏன் என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இங்கே வந்தேன். அந்த மெத்தையைக் கீழே இறக்க நீங்கள் ஒரு ஆள் அனுப்பினால் போதும்.

மற்றபடி என் மேல் பெரிய தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பஞ்சு அடைக்காதது தவறு. லைனை மறந்தது தவறு. சத்தத்தை வேறு சத்தமாக நினைத்தது, அன்றைக்கு, அந்த நேரத்தில், எந்தக் கத்தோலிக்கனும் செய்யக்கூடிய தவறு.

பையில் இருந்தது கோயிலின் மரக்கட்டை. ஆணி ஆடுகிறது என்று வியாழன் பூசை முடிந்ததும் நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். வெள்ளி மதியம் முழுக்க அது என் மடியில் இருந்தது.