ஜெகதீஸ்வரியின் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பொறியியலாளர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி அமர்ந்திருக்கும், ஜெகதீஸ்வரி வேலை செய்த நிறுவனத்தின் பொது முகாமையாளர் அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் ஆரணி அவர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் இந்த மழையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் யார்ட் தொழிலாளர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் செய்தி எழுதிப் பிழைக்கிறவன். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்வேன். இன்று அதைக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் பொறியியலாளர் ஜெகதீஸ்வரி சிவபாதசுந்தரம் யார்? ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்ட்டில் பாரந்தூக்கியை இயக்கும் மென்பொருளை எழுதியவர். ஆயிரக்கணக்கான வரிகள் எழுதினார். நான் பேசப்போவது அவற்றில் ஒரு வரியைப் பற்றி. கொள்கலனை இறக்குவதற்கு முன், கீழே ஆள் நிற்கிறாரா என்று சென்சரிடம் கேட்க வேண்டும். ஆள் நின்றால் பாரந்தூக்கி நிற்க வேண்டும். சென்சர் பதில் சொல்லாவிட்டாலும் நிற்க வேண்டும்.

"சென்சர் பேசாட்டில், கீழ ஆள் நிக்குது எண்டுதான் நினைக்கோணும் அண்ணை" என்பார் என்னிடம்.

மழை பெய்தால் அந்தச் சென்சர்கள் பேசுவதில்லை. பாரந்தூக்கி அடிக்கடி நின்றது. லொறிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. அந்தத் தரிப்பு ஒவ்வொன்றையும் நிர்வாகம் பிழை என்று எழுதிக்கொண்டது. பிறகு ஒரு கருவியைக் கொண்டுவந்தது. மனிதர் கை படாமல், இன்னொரு மென்பொருளின் நிரலைத் தானே வாசித்து, தானே மாற்றி, தானே பரீட்சித்து, பரீட்சையில் தேறினால் அந்த மாற்றத்தை நிலைநிறுத்தும் மென்பொருள் அது.

அந்தக் கருவியே கெட்டது என்று ஜெகதீஸ்வரி ஒருநாளும் சொன்னதில்லை. தான் நாட்கணக்கில் தேடிய பிழைகளை அது கண்மூடித் திறப்பதற்குள் திருத்தியதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். "உது என்னை விடக் கெட்டிக்காரன் அண்ணை. ஆனா கேட்டதை மட்டும் செய்யிற கெட்டிக்காரன்."

அதனிடம் என்ன கேட்டார்கள்? தரிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அது குறைத்தது! சென்சர் பேசாவிட்டால் கீழே ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளும்படி அந்த வரியை மாற்றியது. எல்லாப் பரீட்சைகளிலும் தேறியது. ஏன் தேறாது? சென்சர் பேசாத நேரத்தில் கீழே ஒரு மனிதன் நின்றால் என்னவாகும் என்ற பரீட்சையை அந்தக் கருவிக்கு யாரும் வைக்கவே இல்லையே!

முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருக்கிறாரே முத்துலிங்கம், அவர்தான் அந்தப் பரீட்சை. அவருடைய வலது கால்தான் அதன் முடிவு.

அந்த மாற்றத்தைச் செய்தது யார்? இந்தத் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்தின் மீதும் அதைச் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். கருவிக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத மாற்றத்தைக் கணக்காய்வாளர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே நிர்வாகம் ஒரு வழி கண்டது. கருவியை ஜெகதீஸ்வரியின் பெயரில் வேலை செய்ய விட்டது. அவர் பெயரில் அந்த மாற்றம் நடந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? டெங்குக் காய்ச்சலோடு களுபோவில வைத்தியசாலையில், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருந்தார்.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்க என்ர பேர் வேலைக்குப் போய் வந்திருக்கு அண்ணை. ஆனா லீவை மட்டும் ஒழுங்கா வெட்டிப்போட்டாங்கள்" என்றார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

உடம்பு தேறுவதற்கு முன்பே முத்துலிங்கம் கிடந்த வார்ட்டுக்கு அவர் போனார். செய்திக்காக நானும் அங்கே நின்றேன். நிர்வாகத்தில் ஒருவரும் வரவில்லை. இவர் கட்டிலருகே நின்று நடந்ததைச் சொன்னார். முத்துலிங்கத்தின் தாயார் ஆறாயி கேட்டார்: "அப்போ எம் மகன் கால எடுத்தது யாருங்க மெடம்? பேரு இல்லாத ஒன்னா?"

"பேர் இருக்கு அம்மா. என்ர பேரைத்தான் அதுக்குப் போட்டிருக்கினம்."

அந்தத் தாய் இவரை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க பேருதானே மெடம். வாங்கிடுங்க. கண்டதுக்கும் குடுத்து வைக்காதீங்க."

வாங்க முயன்றார் ஜெகதீஸ்வரி. கருவியின் வேலைக்குத் தன் பெயர் வேண்டாம், அதை இயக்கச் சொன்னவரின் பெயரைப் போடுங்கள் என்று கேட்டார். கிடைத்தது என்ன? உள்ளக விசாரணை. அதன் முடிவு என்ன? 'பொறியியலாளரின் கவனயீனம்.' ஒப்பமிட்டவர் பொது முகாமையாளர். வாசலில் நிற்கும் மலர்வளையத்தில் 'ஈடிணையற்ற பொறியியலாளர்' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழும் அதே முகாமையாளரின் பெயர்! ஐயா, இந்த இரண்டில் எது பொய்?

நேரே உண்மையைச் சொல்கிறேன். விசாரணைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். மாரடைப்பு அவர்கள் குடும்பத்தில் உள்ளது. நிரூபிக்க முடியாததை நான் எழுதுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. நிரூபிக்க முடிந்ததைச் சொல்கிறேன். விபத்துக்குப் பிறகு அவர் அந்த வரியைப் பழையபடி எழுதினார். அடுத்த மழைக்குக் கருவி அதை அழித்தது. அவர் மீண்டும் எழுதினார். அது மீண்டும் அழித்தது. பக்கத்து மேசையில் வேலை செய்த நிரோஷா இங்கே இருக்கிறார். அவரைக் கேளுங்கள். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் ஜெகதீஸ்வரி முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பாராம். "அக்கா, விடுங்கோவன், அது பிழையைத் திருத்துது எண்டு அவையள் சொல்லினம்" என்று நிரோஷா ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

"பிழையைத் திருத்தேல்லையடி. கத்துறவன்ர வாயைப் பொத்துது."

அவர் பார்த்துக்கொண்டிருந்த வரையில் அந்த யார்ட்டில் வேறு ஒருவருக்கும் ஒரு கீறலும் படவில்லை. இதுதான் அவர் செய்த சேவை. இதற்கு ஒரு நற்சான்றிதழும் இல்லை.

இனி இன்று காலை நடந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த வீடு. வந்தவர்களுக்கு ஆரணி தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிப்பவர்கள் அழைப்பார்கள் என்று அக்காவின் தொலைபேசியை அணைக்காமல் வைத்திருந்தார்கள். அதில் ஒரு செய்தி வந்து ஒலித்தது. ஆரணி எடுத்து உரக்க வாசித்தார்: 'ஜெகதீஸ்வரி, நீங்கள் செய்த திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி.'

நிரோஷா அதை வாங்கிப் பார்த்தார். எந்தத் திருத்தம் என்று பார்த்தார். ஆம், அதே வரிதான்! சாம்பல் கரைத்த பிறகும் அவர் பெயரில் அந்த வரியை அழித்திருக்கிறார்கள்!

உடனே பொது முகாமையாளரை அழைத்தார் நிரோஷா. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "இண்டைக்கு சண்டே மிஸ். அந்தப் பெயரை மூடினா சிஸ்டமே நிண்டுடும். திங்கக்கிழமை பார்ப்பம்."

திங்கட்கிழமை! அவர் சற்று முன்பு இந்த மேடையில் என்ன சொன்னார்? 'ஜெகதீஸ்வரி எங்களோடு என்றும் வாழ்வார்' என்றார். கைதட்டினீர்கள். எப்படி வாழ்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

கூரையில் விழும் மழையைக் கேளுங்கள். இதே மழை ஒருகொடவத்தையிலும் பெய்கிறது. சென்சர்கள் பேசாது. ஞாயிறு என்று அந்தப் பாரந்தூக்கிக்கு ஓய்வு இல்லை. இந்த நிமிடம் அதன் கீழே நிற்பவர்கள் உங்களுடைய தம்பிமார், மச்சான்மார்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி அமர்வது வழக்கம். நான் அதைச் சொல்ல மாட்டேன். அவர் பெயரில் தொடரும் பணியை நிறுத்துவோம். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் சொந்தப் பெயரைப் போட்டு அந்த வரியைத் திரும்ப எழுதும் வரை, யார்ட் தொழிலாளர் ஒருவரும் கொள்கலனுக்குக் கீழே போவதில்லை. முத்துலிங்கமும் தோழர்களும் வாசலில் வைத்தே இதை முடிவு செய்துவிட்டார்கள். அவர்களோடு நானும் நாளைக் காலை யார்ட் வாசலில் நிற்பேன்.

ஆனால் நாளை வரை காத்திருக்க முடியாது. பொது முகாமையாளர் அவர்களே, கைத்தொலைபேசியை மேசைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டாம். மேலே எடுங்கள். யார்ட்டுக்கு அழையுங்கள். பாரந்தூக்கியை நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே, மௌன அஞ்சலியை அதுவரை தள்ளி வையுங்கள். அவர் பேசி முடித்ததும் நாங்கள் எழுந்து நிற்கிறோம்.