சாய்ந்த ஏழு

கலியமூர்த்தி: ...புளி போட்டுத் தேச்சிங்களா இத?

ஹேமலதா: வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேச்சு, சந்தனம் குங்குமம் வெப்போம். ஏன் சார், தப்பா?

கலியமூர்த்தி: குத்துவெளக்கா இது? மேல இருந்த கறுப்புப் பூச்சு பூரா போயிடுச்சு. பழைய பட்டாளத் துப்பாக்கிக்கு அதுலதாம்மா பாதி மதிப்பு. உங்கப்பா தடுக்கலையா?

ஹேமலதா: இருந்த வரைக்கும் அவருதான் கரைச்சுக் குடுப்பாரு. புளி எவ்ளோ நேரம் ஊறணும்னு அவருக்குத்தான் தெரியும்.

கலியமூர்த்தி: அவரேவா? சரி, மீதிப் பாதியப் பாப்போம்.

ஹேமலதா: மீதிப் பாதி மதிப்பு எதுல சார்?

கலியமூர்த்தி: நம்பர்ல. குழாயில ஒண்ணு, பின்னால இழுத்துத் தள்ற இந்த போல்ட்டுல ஒண்ணு, கட்டையில ஒண்ணு. மூணும் ஒண்ணா இருந்தா ஒரிஜினல். சுடுமா இது?

ஹேமலதா: சுடாது, குழாய அடைச்சிருக்கு. கலெக்டர் ஆபீஸ் காயிதமும் இருக்கு. துப்பாக்கி ரிப்பேர் பாத்த உங்கள மாதிரி யாராவது ஒரிஜினல்னு எழுதிக் குடுத்தா மூணு லட்சம் தரேன்னு ஒரு ஓட்டல்காரரு எங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு. பீச் பக்கம் ஓட்டலு.

கலியமூர்த்தி: அவருக்கு எதுக்கும்மா துப்பாக்கி?

ஹேமலதா: செவுத்துல மாட்ட. மேல எங்கப்பா போட்டோ, கீழ பலகை. ‘பிரெஞ்சுப் பட்டாளத்து வீரர் பலராமன் அல்ஜீரியப் போரில் ஏந்திய துப்பாக்கி.’

கலியமூர்த்தி: ஏந்திய...

ஹேமலதா: என்ன சார், நம்பர் தெரியலையா?

கலியமூர்த்தி: தெரியுது. மூணும் ஒண்ணாத்தான் இருக்கு.

ஹேமலதா: அப்ப ஒரிஜினலு.

கலியமூர்த்தி: விக்காதீங்கம்மா. அப்பா ஞாபகமா வீட்லயே...

ஹேமலதா: நான் கேட்டது அது இல்லையே.

கலியமூர்த்தி: ...போல்ட்டு நம்பர்ல அந்த ஏழு சாஞ்சிருக்கு, பாருங்க. பின்னால யாரோ கையால குத்துனது. கட்டையும் சீமை மரம் இல்ல, நம்மூரு வேங்கை. கழிச்சுப் போட்ட துப்பாக்கிங்கள்லேர்ந்து ஜோடிச்சிருக்கு.

ஹேமலதா: ஜோடிச்சவரு கெட்டிக்காரரா?

கலியமூர்த்தி: சுமாரு. கெட்டிக்காரனா இருந்தா ஏழு ஏன் சாயுது?

ஹேமலதா: அப்படியே எழுதிக் குடுங்க.

கலியமூர்த்தி: போலின்னா? மூணு லட்சம்மா. உங்கண்ணன் சண்டைக்கு வருவாரு.

ஹேமலதா: கலைவாணன நான் பாத்துக்கறேன். அந்த ஓட்டலுக்கு வர்ற வெள்ளக்காரங்கள்ல பட்டாளத்துல இருந்தவங்களும் இருப்பாங்க. ஒருத்தன் குனிஞ்சு அந்த ஏழப் பாத்தா, நிமிந்து எங்கப்பா போட்டோவப் பாத்துச் சிரிப்பான். எனக்கு அது பயமா இருக்கு சார்.

கலியமூர்த்தி: ...எழுதறேன். யாரு ஜோடிச்சான்னு மட்டும் கேக்காதீங்க.

ஹேமலதா: கேக்க மாட்டேன். உங்க பட்டறை சீட்டு அப்பா டிரங்குப் பெட்டில இருந்துச்சு. அதுக்கு அடியிலயே, அவரு பட்டாளத்துல சமையக்காரரா இருந்த காயிதமும் இருந்துச்சு. அது தெரிஞ்சுதான் நீங்க செஞ்சு குடுத்திருப்பீங்க. முப்பது வருஷமா யாருகிட்டயும் வாயத் தொறக்கல... அதான் வேற எங்கயும் போகாம உங்ககிட்ட கொண்டாந்தேன்.