மஞ்சள் இலையும் காயாத தரையும்

பேருந்தில் ஏறியதும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். தனியாகப் போகிற பயம்தான். அன்று சிவகாசி வண்டியில் ஓட்டுநர், நடத்துநர், பூக்காரம்மா, நான், முன்சீட்டில் இரண்டு ஆண்கள். இளையவர் கையில் மஞ்சளடித்த தக்காளிக் கிளை.

"பட்டாசுக் கம்பெனிய விட்டுட்டு இந்தப் பசுமைக்குடிலத்தாண்ணே நம்பியிருக்கேன். எல்லா இலையும் இப்படி ஆகுது."

"தண்ணி எத்தனை தடவை விடுற?"

"மூணு வேளையும். உள்ள வெக்கை அடிக்குதுல்ல! கம்பெனில தரைய ஈரமாவே வச்சிருப்போம்ல, தரை காஞ்சா வெடிச்சிரும்னு இங்கயும் மனசு அடிச்சுக்கிருது."

"ஏலே, தக்காளி வெடிக்காதுலே! வேரு அழுகித்தான் இலை மஞ்சளாகுது. விரலை விட்டுப் பாரு. உள்மண்ணு காஞ்சிருந்தா மட்டும் தண்ணி விடு."

ஆமத்தூர் தாண்டியதும் இளையவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏ புள்ள, குடிலுக்குத் தண்ணி விடாத. ஆமா, காயட்டும். எதுக்கும் கம்பெனில வைக்கிற மாதிரி வாசல்ல ரெண்டு வாளி மணலு வச்சிரு."