அரை ஆம்ப்

– அக்கா, எலக்ட்ரான் பீமை நேராக்குற காயில்ல அரை ஆம்ப் கரண்ட் எதுக்குப் போகுதுன்னு மூணு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன்ல? காரணம் இதோ என் கையில இருக்கு. ஒரு காந்தம்.

– எங்க இருந்துச்சு?

– எலக்ட்ரான் கன் வாசல்ல, குழாய்க்கு அடியில டேப் போட்டு ஒட்டியிருந்துச்சு. பிரிட்ஜ்ல ஒட்டுவாங்களே, மஞ்சள் வாத்து. எந்தப் புண்ணியவான் வேலையோ.

– கொடு தம்பி.

– இருங்க, மீட்டிங்ல காட்டணும். கன்னை விட்டு வர்ற எடத்துல எலக்ட்ரான் இன்னும் வேகம் பிடிச்சிருக்காது, இத்தனூண்டு காந்தமே இழுத்துடும். வேகம் பிடிச்சுட்டா இதையெல்லாம் சட்டையே பண்ணாது. இதுகூடத் தெரியாத மடையன் எவனோ...

– தெரிஞ்சுதான் வச்சேன்.

– நீங்களா?

– என் பொண்ணோடது. அவ போனதுக்கு அப்புறம் பிரிட்ஜ் பக்கமே போக முடியல. தூக்கிப் போடவும் கை வரல. வேற எங்க வச்சாலும் சும்மா கிடக்கும். இங்க வச்சா அவளால ஏதோ ஒண்ணு கொஞ்சமாவது அசையுமேன்னு பார்த்தேன்.

– மன்னிச்சிடுங்கக்கா. தெரியாம வாய விட்டுட்டேன்.

– மறுநாளே மாட்டிப்பேன்னு இருந்தேன். பீம் பிசகாம நேரா வந்துச்சு. அவ்வளவுதானா, ஒண்ணுமே ஆகலையான்னு பாத்ரூம்ல போய் அழுதேன்.

– ஆச்சுக்கா. நல்லாவே இழுத்திருக்கு. யாரோ உடனே அரை ஆம்ப் ஏத்தி நேராக்கிட்டாங்க.

– யாரு?

– ஸ்டோர்லேருந்து பழைய லாக் புக்கை இப்பத்தான் எடுத்துட்டு வந்தேன், இன்னும் பிரிக்கல. என்னிக்கு வச்சீங்க?

– நாலு வருஷம் முன்னாடி, ஜூன் ஒம்பது சாயங்காலம்.

– ஜூன் பத்து, காலையில ஏழு மணி. ‘காயில் மூணு, அரை ஆம்ப். காரணம் எனக்குத் தெரியும். யாரும் கன் பக்கம் போய்த் தேட வேண்டாம்.’ கையெழுத்து... அக்கா, அப்ப இங்க வேலை பார்த்த உங்க வீட்டுக்காரரோடது.

– சரியாப் பாரு.

– அவருதான். அப்புறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரே வார்த்தை. ‘இருக்கு.’ வேலையை விட்ட அன்னிக்கும் எழுதியிருக்கார். ‘இருக்கு.’

– பொண்ணு போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு கேட்டுத்தான் தம்பி நான் அவரை வீட்டை விட்டு அனுப்பினேன்.