முதல் கவளம்

ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

"நான் சாவுறேனான்னு புள்ளைங்க தெனமும் பாக்குதுங்க அக்கா," என்றாள் அவள்.

"என்னடி பேச்சு இது?"

"ஆக்குனதும் மொதல்ல நான் சாப்புடணும். அரை மணி நேரம் எனக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் அதுங்களுக்குப் போடணும். எங்கயோ புள்ளைங்க செத்த பொறவு வந்த ரூலாம்."

"நல்ல ரூலுதானே. சும்மா சோறு திங்கறதுக்குப் பயந்துகிட்டா இப்ப வேற வேலை கேட்டு ஆபீசுக்குப் போற?" மூத்தவள் சிரித்தாள்.

"முந்தாநேத்து சாப்புட்டுட்டு செவுத்துல சாஞ்சேன். வெயிலுக்குக் கண்ணு சொக்கிடுச்சு. சத்தமே இல்லியேன்னு அரைக்கண்ணு தொறந்தா, அத்தனை புள்ளைங்களும் என்னைச் சுத்தி நிக்குதுங்க. தட்டை எல்லாம் கவுத்து வச்சிருக்குதுங்க. ஒண்ணுகூட அழுவல."

"எழுப்பிப் பாக்கலியா?"

"இல்லக்கா. மூணாவது படிக்கிற ஒருத்தி பக்கத்துல நின்னவகிட்ட மெதுவா கேட்டா, 'அப்ப நாளைக்கு யாரு மொதல்ல சாப்புடுவாங்க?'ன்னு."