பிச்சையின் மோட்டார் சைக்கிள்

பொழுது சாயும் நேரம். பெண்டாங் சாலை. இரண்டு பக்கமும் வயல். ஆள் நடமாட்டம் இல்லை...

நம் நவமணி இருக்கிறாளே, அவள் மாமனார் அழகேசனுக்கு நடந்தது இது. ஜப்பான்காரன் காலத்தில் சுங்கை பட்டாணியில் அரிசி விற்றவர். அன்று அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய்தான். அந்தக் கருகல் நாற்றம் அவருக்குப் பழக்கம். அன்று அதற்கு அடியில் வேறொரு நாற்றம்.

சீழ்.

வண்டி எஸ்டேட் லாரி டிரைவர் பிச்சையுடையது. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போகும்போது அவனிடம் கொடுத்தது. பிச்சையைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் மனைவி இராசாத்தி வண்டியை விறகுக் கொட்டகையில் மறைத்து வைத்திருந்தாள். அரிசி தருகிறேன், வண்டியைக் கொடு என்று அழகேசன் நடையாய் நடந்தார்.

"அவரு வந்து வண்டி எங்கன்னு கேட்டா என்ன சொல்றது அண்ணே? பட்டினி கெடந்தாலும் குடுக்க மாட்டேன் லா."

அடுத்த முறை போனபோது பேச்சை மாற்றினார்.

"இனிமே வர மாட்டான் தங்கச்சி. சயாம்ல கால் புண்ணு அழுகி... போய்ச் சேந்துட்டான். பாத்தவன் சொன்னான்."

அப்படிப் பார்த்தவன் எவனும் இல்லை.

இராசாத்தியின் தாலி இறங்கியது. படையலுக்கு அழகேசனே அரிசி கொடுத்தார். சுண்ணாம்பு போட்டு வைத்தும் புழுத்துப்போய்க் கடையில் விலைபோகாத அரிசி. சோற்றில் சுண்ணாம்பு வாடை. வெந்த புழுக்கள் வெள்ளையாகக் கிடந்தன. வாசலில் நின்று செத்தவனைக் கூப்பிடப் பங்காளி யாரும் இல்லை. அதையும் அவரே செய்தார்.

"பிச்சை... வந்து சாப்பிடுப்பா."

பிச்சை அப்போது சயாமில் உயிரோடுதான் கிடந்தான். சண்டை முடிந்து திரும்பியவர்கள் சொன்னார்கள். பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, 'யாரோ என்னைக் கூப்பிடறாங்க' என்றானாம். அப்படியே சாய்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லையாம்.

படையல் முடிந்த மறுநாள் வண்டி அழகேசன் கைக்கு வந்தது.

இப்போது பெண்டாங் சாலையில்... பின் டயர் மெல்ல அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்த கனம். நிறுத்தினார். யாரும் இல்லை. மூட்டை மட்டும் ஈரமாக இருந்தது. தொட்டார். மஞ்சளாக ஒட்டியது. விரலை எடுத்தால் நூலாக இழுத்தது.

அந்த அரிசியைக் கழுவிக் காயவைத்து விற்றார். அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் கனம் இறங்கவில்லை. தினமும் ஈரம். பிடரியில் சூடான மூச்சு. சோற்றில் கை வைத்தால் அதே சீழ் நாற்றம். கடைசியில் வண்டியைக் கடலோரக் கோத்தா கோலா மூடாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ராமையா கருவாடு விற்றான்.

"என்னண்ணே, கருவாட்டுக் கடைக்கே நாத்தமடிக்கிற வண்டியக் கொண்டாந்திருக்கீங்க?"

"ரப்பர் எண்ண தம்பி. வேற ஒண்ணுமில்ல."

இரண்டு சாக்குக் கருவாட்டுக்கு வண்டி கைமாறியது. ராமையா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"காத்து மாதிரி லேசா ஓடுது லா! நாத்தமும் போயிருச்சு."

அழகேசனுக்கு உயிர் வந்தது. சாக்கைத் தூக்கக் குனிந்தார். அப்போதுதான் கவனித்தார்... காயப்போட்ட கருவாட்டின்மேல் ஓர் ஈகூட இல்லை.

ராமையா அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈயெல்லாம் அங்கே இருந்தது. கொத்தாக அல்ல. ஐந்து வரிசையாக... பின்சீட்டில் இருப்பவன் விழாமலிருக்க விரல் விரித்துப் பிடித்துக்கொள்வானே, அப்படி.