ஏழாம் வீட்டுல குந்தின செவ்வாய்

…குந்தினதுதான் குந்தினான், வேற வீடா கிடைக்கல்ல அவனுக்கு? பன்னிரண்டு வீடு கிடக்கு புள்ள, பன்னிரண்டு. மூண்டாம் வீடு சும்மா கிடக்கு, பத்தாம் வீடு சும்மா கிடக்கு. அதெல்லாத்தையும் விட்டுப்போட்டு என்ட மகள்ட ஏழாம் வீடுதான் கண்ணுல பட்டிரிக்கு. இருபத்தேழு வருசமா அசையிறான் இல்ல, செவ்வாய்… இருங்க, நல்லா இருங்க. அந்தப் பைய அங்கால தள்ளுங்க. கத்தரிக்காதான், நசுங்கினா நசுங்கட்டும். எங்க இறங்குற, காத்தான்குடியிலயா? அப்ப நேரம் கிடக்கு.

உங்கட முஸ்லிம் ஆக்களுக்கு இந்தத் தலையிடி இல்ல, என்ன? குடுத்து வெச்ச ஆக்கள். எங்களுக்குப் புள்ள பிறந்தா, பிறந்த நேரத்த வெச்சு ஒரு கட்டம் கீறுவாங்க. அந்த நேரம் கிழக்கால எந்த ராசி எழும்புதோ அதுதான் லக்கினம், அது முதலாம் வீடு. அதுல இருந்து எண்ணிக்கிட்டுப் போனா ஏழாவது புருசன் பொஞ்சாதி வீடு. அதுக்குள்ள செவ்வாய் வந்து குந்தினா செவ்வாய்க் குற்றம். கட்டுறவனுக்கு ஆகாது. அவனுக்கும் அதே மாதிரி ஒரு செவ்வாய் இருந்தா மட்டும் பயமில்ல. ரெண்டு செவ்வாயும் ஒண்டையொண்டு முறைச்சிக்கிட்டுச் சும்மா கிடக்குமாம்.

ஏழில செவ்வாய் எண்டா பொண்ணு கோபக்காரி, வாய்க்காரி எண்டு எங்கட சாத்திரியார் எழுதியே தந்தவர். எங்கட கம்சாயினியப் பாக்கணும் நீங்க. பூனை பாலக் குடிச்சிட்டுப் போனாலும் ‘பாவம், பசி போல’ எண்டுவாள். இவர், என்ட மனிசன் யோகராசா, கேட்டார், எங்க சுலோ அந்தக் கோபத்தக் காணல்லயே எண்டு. உள்ளுக்க வெச்சிரிக்காள் எண்டு நான் சொன்னன். கிரகம் பொய் சொல்லுமா? இவர் வரம்புல வழுக்கிக் கால முறிச்சது ஆரால? செவ்வாயால. எங்கட மாடு கிணத்துக்குள்ள விழுந்தது? அதுவும் அவன்தான். போன மாசம் சட்டி உடைஞ்சது… அது நான் எறிஞ்சது. எண்டாலும் எறிய வெச்சது ஆரு?

இதுக்குள்ள உதயரூபன் எண்டு ஒரு பொடியன். பாசிக்குடாவுல ஹோட்டல் ஒண்டுல வேல. இவளுக்கு விருப்பம், அவனுக்கும் விருப்பம். நல்ல பொடியன், பொய் சொல்லக் கூடாது. மழைக்குள்ள கூரையில ஏறி உடைஞ்ச ஓடு மாத்தித் தந்தவன், ஆரும் கேக்காமலே. சாதகக் குறிப்ப வாங்கிப் பாக்கிறன், மருந்துக்கும் ஒரு குற்றமில்ல. கழுவித் துடைச்ச மாதிரிக் கிடக்கு. எனக்கு வந்த கோபத்துல, இப்படிச் சுத்தமான குறிப்ப வெச்சிக்கிட்டு என்ட வாசல்ல ஏற வெக்கமில்லையா எண்டு கேட்டுப்போட்டன். பொடியன் செருப்பயும் போடாமக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இவள் மூண்டு நாள் சாப்புடல்ல. பாத்தீங்களா, அதுதான் செவ்வாய்.

மறுகா நான் தேடாத இடமில்ல. கடைசியா டவுனில ஒருத்தன் ஆம்புட்டான், இராசதுரை எண்டு. நாப்பத்திரண்டு வயசு. ஆள் எப்படியோ போகட்டும், ஏழில செவ்வாய், அச்சு அசல். பொண்ணு பாக்க வந்தவன் பொண்ண நிமிந்தும் பாக்கல்ல. கட்டத்தப் போன்ல படம் புடிச்சு, பெருசாக்கி, பெருசாக்கிப் பாத்துப்போட்டு ‘நல்ல செவ்வாய்’ எண்டு சொல்றான். மாடு வாங்க வந்தவன் பல்லுப் பாக்கிற மாதிரி. எங்கட பக்கம் மாப்புளதானே பொண்ணுட வீட்டுக்கு வந்து இருக்கிற. தனக்குப் பூடு ஆகாதாம், மீன் ஆகாதாம், செவ்வாக்கிழமையில உப்பும் ஆகாதாம். ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு மீன் ஆகாதாம், கேளுங்க. அவனுக்கு நான் சாகும் வரைக்கும் ஆக்கிப் போடணும். என்ன செய்யிற? இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னால, ராகுகாலம் துவங்க முதல், அவங்கட வீட்ட போய்ச் சம்மதம் சொல்லணும். சொன்னாச் சொன்னதுதான், மறுகா மாத்த ஒண்ணா. நான் வெளிக்கிடக்குள்ள இவள் கிணத்தடியில நிண்டாள். ‘போய்ட்டு வாறன்’ எண்டன். ‘கவனமாப் போங்கம்மா’ எண்டாள், அவ்வளவுதான். முகத்தப் பாக்க ஏலல்ல புள்ள. அழுது வீங்கிக் கிடக்கு.

அதுக்கு முன்னால இன்னொரு சோலி. டவுனில கொம்பியூட்டர்ல குறிப்புப் பாக்கிற சாத்திரி ஒருத்தர். முந்தாநாள் பொருத்தம் பாக்கப் போனா, தட்டிப் பாத்துப்போட்டு என்னட்டயே கேக்கிறார், ‘அம்மா, பிறந்த நேரம் சரிதானா? லக்கினம் விளிம்புல நிக்குது. அரை மணித்தியாலம் பிந்திப் பிறந்திருந்தா லக்கினம் அடுத்த ராசிக்குப் போயிரும், செவ்வாய் ஏழை விட்டு ஆறுக்கு வந்திரும், குற்றமே இல்ல’ எண்டு. பெத்தவள் நான். எனக்குத் தெரியாதா நேரம்? அவர்ட வாயப் பொத்தத்தான், பிறந்த நேரம் எழுதித் தந்த ஆஸ்பத்திரித் துண்ட எடுத்துக்கிட்டுப் போறன். பெட்டிக்கு அடியில கிடந்தது, இவ்வளவு காலமும் ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல்ல.

பிழை கிழை எண்டு இருந்தா அது இவராலதான் இருக்கும். தொண்ணூத்தெட்டு அது. நீங்க அப்ப சின்னப் புள்ள. அரசாங்கம் மணிக்கூட்ட அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வெச்சிருந்த காலம். உங்கட எழுவான்கரை முழுக்கப் புது நேரம். எங்கட படுவான்கரை அப்ப இயக்கத்துக்குக் கீழ, ஆரும் அத எடுக்கல்ல, பழைய நேரந்தான். நடுவுல ஆறு. இப்ப வந்தமே இந்த மண்முனைப் பாலம், அதுவும் அப்ப இல்ல. தொறையில பாதை எண்டு ஒரு பெரிய மிதவை கிடக்கும், அதுல ஏறித்தான் கடக்கணும். ஏறின உடன எல்லாரும் கை மணிக்கூட்ட முறுக்குவாங்க. இக்கரைக்கு வரக்குள்ள அரை மணித்தியாலம் கூட்டுற, அக்கரைக்குப் போகக்குள்ள குறைக்கிற. சைக்கிளக் கையில புடிச்சிக்கிட்டு, மீன் கூடையத் தலையில வெச்சிக்கிட்டு, எல்லாரும் முறுக்குவாங்க.

அண்டைக்கு எனக்கு வயித்துக் குத்து, இக்கரை ஆஸ்பத்திரிக்கு வாறம். பாதை ஆட, நான் உயிர் போற மாதிரி நிக்கிறன், இவர் காதுக்குள்ள வந்து ‘சுலோ, மணிக்கூட்ட முறுக்கு’ எண்டுறார். புள்ளப் பெறப் போறவள்ட்டச் சொல்ற கதையா இது? உங்கட கழுத்த முறுக்குவன் எண்டு சொன்னன். அதோட வாய மூடினவர்தான்.

அப்படி இருந்தும் நான் கவனம். ஆஸ்பத்திரியில மணிக்கூட்டக் கழட்டித் தாங்க எண்டு கேட்டாங்க, குடுக்கல்லயே. புள்ள அழுத உடன கையத் திருப்பிப் பாத்தன். பின்னேரம் அஞ்சு நாப்பது. சாத்திரியாருக்குப் பழைய நேரந்தான் வேணும். இவர அனுப்பக்குள்ள தெளிவாச் சொல்லி விட்டன், ஆஸ்பத்திரி நேரம் அஞ்சு நாப்பது, அரை மணித்தியாலத்தக் கழிச்சு அஞ்சு பத்து எண்டு சொல்லுங்க எண்டு. ‘கழிக்கணுமா?’ எண்டு கேட்டார். வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து கேட்டார். படலையில நிண்டும் கேட்டார். கழியுங்க எண்டு நான் போட்ட சத்தத்துல அடுத்த வீட்டு நாய் குரைச்சிது. கணக்குத் தெரியாத மனிசனோட காலந்தள்ளுறன் புள்ள.

இந்தாங்க, இந்தத் துண்டுதான். கண்ணாடிய மேசையில விட்டுட்டு வந்திட்டன், நீங்க படிச்சுச் சொல்லுங்க. நேரம் எண்டு போட்டிருக்கும், அஞ்சு நாப்பது… என்ன? ஆறு பத்தா? வடிவாப் பாருங்க, மடிப்புல மை அழிஞ்சிருக்கும்… எழுத்துலயும் போட்டிருக்கா… ஆறு மணி பத்து நிமிசமா.

பொறுங்க. ஆஸ்பத்திரி மணிக்கூட்டுல ஆறு பத்து. என்ட கையில அஞ்சு நாப்பது. அப்ப என்ட மணிக்கூடு… பழைய நேரத்துல ஓடியிரிக்கு. பாதையில நான் முறுக்கல்லயே. முறுக்கு எண்டு அவர் சொன்னாரே. அது முதலே பழைய நேரம், அதுல இருந்து இன்னொரு அரை மணித்தியாலத்த… கழிக்கணுமா எண்டு மூண்டு தரம் கேட்டாரே அந்த மனிசன்.

அப்ப புள்ள அரை மணித்தியாலம் பிந்தித்தான் பிறந்திரிக்கு, ஏழில ஒருத்தனும் இல்ல. செவ்வாய் ஆறில. இருபத்தேழு வருசமா அவன் பேசாம ஆறாம் வீட்டுல இருந்திரிக்கான், நான்தான் வாயில வந்ததெல்லாம் ஏசியிரிக்கன். அப்ப மாடு தானாத்தான் விழுந்திரிக்கு. சட்டி…

இவர்ட்ட என்னெண்டு சொல்ற? வைகாசிச் சடங்குக்கு நேத்தி வெச்சனான், கண்ணகையம்மன் செவ்வாயத் தூக்கி ஆறில வெச்சிட்டா எண்டு சொல்லுவமா? நம்புவார், எதையும் நம்புவார் பாவம். நீங்க ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க… என்ன, எழும்புறீங்க? காத்தான்குடி வந்துட்டா? இந்தாங்க, கத்தரிக்கா நாலு எடுத்துக்கிட்டு… போயிட்டாவே.

ஆறாம் வீடு என்ன வீடு? சாத்திரியார் சொன்னவர். எதிரி வீடு. அதுல செவ்வாய் இருந்தா, எதிரி எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் கடைசியில தோத்துத்தான் போகணுமாம். ஆனா என்ட புள்ளைக்கு எதிரி ஆரு? பூனையோடயும் சண்டைக்குப் போகாத புள்ள. ஊருல ஒருத்தரும் இல்ல, பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் இல்ல. வீட்டுல எண்டா அவரும் நானும்தான். அவர் ஒரு அப்பாவி மனிசன்…

நாந்தான்.

கொண்டக்டர் தம்பி, கொஞ்சம் இஞ்ச வாங்க. பாசிக்குடாவுக்குப் போற பஸ் டவுனில எங்க நிக்கும்? இல்ல, கடல் பாக்க இல்ல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போன பொடியன் ஒருத்தன் அங்க இரிக்கான், அவன்ட்ட ஒரு கதை கதைக்கணும். பன்னிரண்டு மணிக்குள்ள போய்ச் சேருமா?